கேளுங்க, தோண்டித் தருகிறேன்!

இந்த வாரம் வந்த தபாலெல்லாம் நெய்வேலி. நடுவில் சில கடிதங்கள் நைஜீரியாவைக் கேட்டு வந்தன. அவற்றையும் நெய்வேலிக்கே இழுத்துவிட்டேன். மாமா கையில் சிக்கினால் அப்படித்தான்.

கே: மாமா, நெய்வேலியைக் கண்டுபிடித்தவர் யார்?
(பள்ளி மாணவி, 11-ஆம் வட்டம்)

ப: தொலைந்து போயிருந்தால்தானே தாயி கண்டுபிடிக்க? ஊர் பாட்டுக்கு முந்திரிக்காட்டோடு இருந்தது. நிலக்கரியைக் கேட்கிறாய் என்றால், ஜம்புலிங்க முதலியார். 1935 வாக்கில் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராக இருந்தால் ராசியில்லாத கிணறு என்று மூடிவிட்டுப் பரிகாரம் செய்திருப்பார். இவர் சர்க்காருக்குத் தகவல் கொடுத்தார்.

கே: சர்க்கார் உடனே ஓடி வந்ததா?
(அதே மாணவியின் தம்பி)

ப: சர்க்கார் எந்தக் காலத்தில் ஓடியது? 1940-களில் துளை போட்டுப் பார்த்தார்கள். பிறகு பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் கம்பெனியிடம் அறிக்கை வாங்கினார்கள். 1956 நவம்பர் 14-ல் என்.எல்.சி. நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் கரி முகம் காட்டியது. கிணற்றில் கண்டதிலிருந்து 26 வருஷம்.

கே: நவம்பர் 14 குழந்தைகள் தினமாச்சே?
(ஆசிரியை, வடலூர்)

ப: அதனால்தான் இந்தப் பிள்ளைக்கு இத்தனை வயசாகியும் டெல்லி கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது.

கே: நெய்வேலியைக் கொண்டுவந்தது எந்தக் கட்சி?
(டீக்கடை பெஞ்சு, மந்தாரக்குப்பம்)

ப: அப்போது முதல்வர் காமராஜர், பிரதமர் நேரு. இது சரித்திரம். தேர்தல் நேரத்தில் மட்டும் கரிக்கு அப்பன்மார் எண்ணிக்கை கூடும். அது உற்பத்தி.

கே: பழுப்பு நிலக்கரிக்கும் அசல் நிலக்கரிக்கும் என்ன வித்தியாசம்?
(பிளஸ் டூ மாணவன், குறிஞ்சிப்பாடி)

ப: பழுப்பும் அசல்தான், வயசுதான் கம்மி. பூமிக்கு அடியில் இன்னும் சில கோடி வருஷம் வெந்திருந்தால் அதுவும் கறுப்பாகியிருக்கும். நாம் பாதி வேக்காட்டிலேயே இறக்கிவிட்டோம். ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார். மரத்தின் நார் தெரியும், சில கட்டியில் பட்டையே தெரியும். நகத்தால் கீறினால் பொடி உதிரும். புதுக் கட்டி விரலில் ஈரமாக ஒட்டும். நாலு நாள் வெயிலில் போட்டால் வெடித்து உதிர்ந்துவிடும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கிலோவுக்கு 2,600 கிலோ கலோரிக்குப் பக்கம்தான் சூடு. இதை லாரியில் ஏற்றி அனுப்பினால் பாதி வாடகை தண்ணீருக்குப் போகும். குவித்து வைத்தாலோ தானே பற்றிக்கொள்ளும். அதனால்தான் சுரங்கத்து வாசலிலேயே அனல்மின் நிலையம்.

கே: சுரங்கம் என்றால் குகை, டார்ச் லைட், தலையில் தொப்பி என்று நினைத்திருந்தேன். நெய்வேலிக்கு வந்து ஏமாந்துபோனேன்.
(மணமகள், திருநெல்வேலியிலிருந்து)

ப: அது கோலார். இங்கே திறந்தவெளி. தொப்பி உண்டு, குகை இல்லை. மேலே கிடக்கும் கடலூர் மணற்கல்லை முழுக்கச் சீவி எடுத்தால்தான் அடியில் கரி. சீவுவதற்கு ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வந்த வாளிச் சக்கர இயந்திரம். பெரிய சக்கரம், விளிம்பு சுற்றிலும் வாளிகள், பெரிய இயந்திரத்தில் ஒரு வாளி 1,400 லிட்டர். சக்கரம் சுற்றச் சுற்ற வாளி மண்ணைக் கடித்து கன்வேயர் பெல்ட்டில் துப்பும். பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, தோண்டி முடித்த பள்ளத்தில் கொட்டும். மணற்கல் சும்மா விடாது, வாளியின் பல்லையே தின்னும். பல் மாற்றும் வேலைக்குத் தனி ஆட்கள். மாப்பிள்ளை எந்த செக்‌ஷன் என்று கேட்டீர்களா?

கே: ஒரு டன் கரிக்கு எவ்வளவு மண் எடுக்கிறார்கள்?
(அதே மணமகளின் அப்பா)

ப: ஐந்து கன மீட்டருக்கு மேல். மண்ணைத்தான் தோண்டுகிறோம் சம்பந்தி, கரி இலவச இணைப்பு.

கே: அந்த இயந்திரம் டீசலிலா ஓடுகிறது?
(ஆட்டோ ஓட்டுநர், ஆர்ச் கேட்)

ப: கரண்டில். கரண்ட் தயாரிக்கக் கரி வேண்டும், கரி தோண்டக் கரண்ட் வேண்டும். முதல் நாள் யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள் என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்.

கே: சுரங்கத்துக்குப் பெரிய எதிரி யார்? யூனியனா, மேனேஜ்மென்ட்டா?
(பணி ஓய்வு பெற்றவர், 19-ஆம் வட்டம்)

ப: இரண்டு பேரும் இல்லை, தண்ணீர். கரிப் படுகைக்குக் கீழே ஓர் ஊற்று அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேல் மண்ணை எடுத்துவிட்டால் அடியிலிருந்து முட்டிக்கொண்டு கிளம்பும், சுரங்கத் தரையையே தூக்கிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளை போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். தோண்டுவதை நிறுத்தலாம், இறைப்பதை நிறுத்த முடியாது. முதலியார் தேடியதும் தண்ணீர்தானே, அதுதான் விடாமல் வருகிறது.

கே: அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?
(விவசாயி, சேத்தியாத்தோப்புப் பக்கம்)

ப: கொஞ்சம் அனல்மின் நிலையத்துக்கு, கொஞ்சம் டவுன்ஷிப் குழாய்க்கு, கொஞ்சம் பரவனாறு வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு. சென்னைக்கும் போகிறது. 2004-ல் வந்த புதிய வீராணம் திட்டக் குழாய் இந்த வழியாகத்தான் ஓடுகிறது. வீராணம் வறண்ட வருஷங்களில் நெய்வேலிப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரும் சுரங்கத் தண்ணீரும் அதில் சேர்ந்தன. நெய்வேலிக் கரண்டில் ஃபேன் போட்டு, நெய்வேலித் தண்ணீரைக் குடித்துவிட்டு, நெய்வேலி எங்கே இருக்கிறது என்று கேட்பான் சென்னைக்காரன்.

கே: உங்கள் ஊர்க்காரர் கிணற்றில் மட்டும் ஏன் தண்ணீர் கீழே போகிறது?
(அதே விவசாயி, அடுத்த அஞ்சலட்டை)

ப: இரவு பகலாக இறைக்கிறார்கள் என்று மேலே சொன்னேனே, அதுதான். அந்தக் காலத்தில் துளை போட்டால் தானாகப் பீய்ச்சிய ஊர் இது. இப்போது மோட்டார் போட்டால்கூட யோசிக்கிறது. இதற்கு நகைச்சுவையாக ஒரு வரி தேடினேன், அகப்படவில்லை.

கே: மாமா, கல்லூரியில் நைஜீரிய மாநிலம் ஒன்றின் வரலாறு, புவியியல், பொருளாதாரம் பற்றி அசைன்மென்ட். நாளை கடைசி நாள். எந்த மாநிலத்தை எடுக்கலாம்?
(பொருளாதார மாணவன், விருத்தாசலம்)

ப: எனுகு. நெய்வேலியைப் பற்றி எழுதிவிட்டு ஊர்ப்பெயரை மாற்று, பாதி மார்க் நிச்சயம். மீதிக்குக் குறித்துக்கொள். தென்கிழக்கு நைஜீரியா, இக்போ மக்களின் நிலம். பரப்பு 7,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது நம் கடலூர் மாவட்டம் இரண்டு. 17 உள்ளாட்சிப் பகுதிகள். 1909-ல் கனிமம் தேடிப்போன பிரிட்டிஷ் ஆய்வுக் குழு மலையடியில் நிலக்கரியைக் கண்டது. 1915-ல் தோண்ட ஆரம்பித்து, 1916-ல் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகத்துக்கு ரயில் விட்டார்கள். கரிக்காக ரயில், ரயிலுக்காகக் கரி, இரண்டுக்காகவும் ஊர். 1967-ல் பியாஃப்ரா தனிநாடு அறிவித்தபோது அதன் முதல் தலைநகர். அதே வருஷம் அக்டோபரில் நைஜீரியப் படை வந்து பிடித்தது. மாநிலமானது 1991 ஆகஸ்ட் 27-ல். இன்றைக்கும் செல்லப்பெயர் 'நிலக்கரி நகரம்'.

கே: அங்கே இப்போது கரி எவ்வளவு எடுக்கிறார்கள்?
(அதே மாணவன், ராத்திரி 11 மணிக்கு)

ப: பேர் சொல்லும்படி ஒன்றுமில்லை. 1956-ல் நைஜர் டெல்டாவில் ஓலோய்பிரியில் எண்ணெய் கிடைத்தது. ரயில் டீசலுக்கு மாறியது. பியாஃப்ராப் போரில் சுரங்கங்கள் கெட்டுப்போயின. வாங்க ஆள் இல்லாத சரக்காகிவிட்டது கரி. பட்டப்பெயர் மட்டும் வேலையை ராஜினாமா செய்யவில்லை. இந்தப் பதிலை மட்டும் என்.எல்.சி. நண்பர்கள் இரண்டு தடவை படிக்கலாம், கட்டணம் இல்லை.

கே: எனுகுத் தொழிலாளிகள் எப்படி?
(யூனியன்காரர், 24-ஆம் வட்டம்)

ப: உம்மைப்போலத்தான், பாக்கியைக் கேட்டார்கள். 1949 நவம்பரில் ஈவா பள்ளத்தாக்குச் சுரங்கத்தில் நிலுவைச் சம்பளம் கேட்டு வேலையை மெதுவாக்கினார்கள். சுரங்கத்தில் இருந்த வெடிமருந்தை எடுத்துப்போக போலீஸ் வந்தது. நவம்பர் 18-ல் பிரிட்டிஷ் அதிகாரியின் உத்தரவில் சுட்டார்கள். 21 பேர் செத்தார்கள். நைஜீரிய விடுதலைப் போராட்டத்தில் அந்தத் தேதிக்குத் தனி இடம். சம்பள பாக்கி என்று ஆரம்பித்தது சுதந்திர பாக்கியில் போய் நின்றது.

கே: நைஜீரியாவில் பழுப்பு நிலக்கரி உண்டா?
(புவியியல் ஆசிரியர், கடலூர்)

ப: உண்டு. டெல்டா மாநிலத்தில் அசாபா, ஓக்வாஷி பக்கம். அந்தப் பாறை அடுக்குக்கே ஓக்வாஷி-அசாபா என்றுதான் பெயர். பெரிதாகத் தோண்டவில்லை. காலுக்கடியில் பெட்ரோல் ஓடும்போது ஈரக் கரியை யார் சீண்டுவார்? நம்ம டெல்டாவிலும் கதை அதேதான். மன்னார்குடிக்கு அடியில் ஏராளமாகக் கிடக்கிறது, தோண்டவில்லை. அங்கே தடுத்தது பெட்ரோல், இங்கே தடுத்தது நெல்.

கே: நெல் எங்கே ஐயா தடுத்தது? டெண்டர் விட்டார்களே!
(அதே ஆசிரியர், விடமாட்டார் போலிருக்கிறது)

ப: விட்டார்கள். 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு ஆகிய மூன்று வட்டாரங்களை ஏலப் பட்டியலில் சேர்த்தது டெல்லி. 2020-லேயே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் போட்டிருந்தோம். ஊர் கொதித்தது, முதல்வர் கடிதம் எழுதினார். அந்த ஏப்ரலிலேயே மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதிக்கு மேலே நாற்று நட்டிருக்கிறான் நம் ஆள். தட்டில் சோறு இருக்கும்வரை நான் அவன் கட்சி.

கே: எனுகுவில் வேறு என்ன விளையும்? வியாபாரத்துக்காகக் கேட்கிறேன்.
(முந்திரி வியாபாரி, பண்ருட்டி)

ப: உமக்குத் தெரியாததா! முந்திரி. 1950-களில் அந்தப் பக்கம் உடி, ஓஜி ஊர்களில் அரசாங்கமே தோட்டம் போட்டது. அவர்களுக்கும் நமக்கும் முந்திரி கொடுத்தவன் ஒரே போர்ச்சுக்கீசியன். இன்றைக்குப் பண்ருட்டியில் உடைபடும் கொட்டையில் நிறைய ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. மேலே முந்திரி, கீழே கரி என்ற ஜாதகம் இரண்டு ஊருக்கும் உண்டு. பருப்பு எடுக்கும் பெண்களின் விரலில் ஏறும் தோல் எண்ணெய்க் கறையும் இரண்டு ஊரிலும் ஒரே நிறம்.

கே: பண்ருட்டிப் பலாவுக்கு ஈடு உண்டா?
(பெயர் வேண்டாம், காடாம்புலியூர்)

ப: 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, பலாவும் முந்திரியும் படுத்தே போனபோது இந்தக் கேள்விக்கு அழுகைதான் பதில். கன்று வைத்து, வளர்த்து, திரும்பவும் காய்க்க வைத்தார்கள். 2025-ல் புவிசார் குறியீடும் வந்தது. சுளையைச் சாப்பிட்டுவிட்டு ஈடு கேட்கக்கூடாது தம்பி, கொட்டையைச் சுட்டுச் சாப்பிட வேண்டும்.

கே: நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தை ஏன் மூடினார்கள்?
(தெர்மல் ஒன்றில் வேலை பார்த்தவரின் மகள்)

ப: மூப்பு. சோவியத் உதவியில் கட்டி 1962-ல் முதல் யூனிட் ஓடியது. மொத்தம் 600 மெகாவாட், அத்தனையும் தமிழ்நாட்டுக்கே. கொடுத்த சோவியத்தே 1991-ல் கடையைக் கட்டிவிட்டது. இது 2020 செப்டம்பர் 30 வரை ஓடியது. உங்கப்பா கைராசி.

கே: அணையாமல் எரியும் அடுப்பு எங்காவது உண்டா?
(பக்தர், சிதம்பரம்)

ப: நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரம், வடலூர். 1867-ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டியது. பசிக்கு மூட்டியது ரிட்டயர் ஆவதில்லை.

கே: இப்போது நெய்வேலியில் மொத்தம் எத்தனை மெகாவாட்?
(போட்டித் தேர்வு எழுதுபவர், திட்டக்குடி)

ப: இரண்டாம் அனல்மின் நிலையம் 1,470, முதல் நிலைய விரிவாக்கம் 420, இரண்டாம் நிலைய விரிவாக்கம் 500, புதிய நிலையம் 1,000. கூட்டினால் 3,390. தூத்துக்குடி, ராஜஸ்தான் பர்சிங்சர் எல்லாம் வேறு கணக்கு. நிறுவனத்தின் பெயர் 2016-லிருந்து என்.எல்.சி. இந்தியா லிமிடெட். தேர்வில் கேட்டால் சொல்லும், வேலை கிடைத்தால் மாமாவுக்குச் சொல்லும்.

கே: எங்கள் தாத்தா நிலம் கொடுத்தார். அப்பாவுக்கு வேலை கிடைத்தது. எனக்கு?
(பொறியியல் பட்டதாரி, மந்தாரக்குப்பம்)

ப: உனக்கு கேட் தேர்வு. தாத்தாவின் பட்டாவில் மதிப்பெண் போடும் இடம் இல்லை. அதிகாரி வேலைக்கு எடுத்தவர்களில் தமிழர் எத்தனை பேர் என்ற கேள்வி 2022-ல் பெரிய சண்டையே ஆனது. நிலம் எடுக்கும்போது ஊர் பார்த்து எடுக்கிறார்கள், ஆள் எடுக்கும்போது இந்தியா பார்த்து எடுக்கிறார்கள். சட்டப்படி சரி என்பார்கள். தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டால் தெரியும்.

கே: பெர்மனென்ட், கான்ட்ராக்ட், இன்ட்கோசர்வ் கூட்டுறவுச் சங்க ஆள். என்ன வித்தியாசம்?
(பெண் பார்க்கும் படலத்தில் இருப்பவர்)

ப: பள்ளம் ஒன்று, ஷிப்ட் ஒன்று, வெயில் ஒன்று. சம்பளச் சீட்டு மட்டும் மூன்று சாதி. பெண் வீட்டார் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்கள். ஜாதகம் அப்புறம்.

கே: அனல்மின் நிலையத்தில் வேலை ஆபத்தா?
(ஒரு தாய், இந்திரா நகர்)

ப: 2020-ல் மே 7, ஜூலை 1 என்று இரண்டே மாதத்துக்குள் இரண்டு முறை இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. இரண்டிலும் உயிர்ப்பலி. போனவர்களில் கான்ட்ராக்ட் ஆட்களும் உண்டு. பையனை அனுப்புங்கள் அம்மா, பாதுகாப்பு விதியைக் கேட்டு வாதாடத் தெரிந்தவனாக அனுப்புங்கள்.

கே: வளையமாதேவியில் நடந்தது சரியா?
(கல்லூரி மாணவி, புவனகிரி)

ப: 2023 ஜூலை. பரவனாற்றை மாற்றிவிடக் கால்வாய் வெட்ட வேண்டும். நிலம் வருஷக்கணக்கில் முன்பே கையகப்படுத்தியது என்றார்கள். காகிதத்தில் உண்மை. வயலில் அப்போது நெல் கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்றது. அதன்மேல் பொக்லைன் ஏறியது. பிறகு போராட்டம், கல்வீச்சு, தடியடி. உயர் நீதிமன்ற நீதிபதியே மனம் நொந்து பேசினார், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார். சட்டம் தெரிந்த வக்கீல்கள் நூறு பேர் அந்த நிறுவனத்துக்குக் கிடைப்பார்கள். அறுவடை எந்த மாதம் என்று தெரிந்த ஒருவர் அன்று இல்லை.

கே: ஜெர்மனியில் மட்டும் ஒழுங்கா?
(ஜெர்மன் கம்பெனியில் வேலை பார்ப்பவர், பெங்களூரு)

ப: நமக்கு வாளிச் சக்கரம் கற்றுக்கொடுத்த குருநாதர் வீட்டிலும் இதே சண்டை. ரைன் ஆற்றுப் பக்கம் கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்காக லுட்செராத் என்ற குக்கிராமத்தை 2023 ஜனவரியில் போலீஸ் வைத்துக் காலி செய்தார்கள். ஆனால் 2038-க்குள் கரியையே விட்டுவிடுவது என்று சட்டமும் போட்டிருக்கிறார்கள். கடைசி பீடி என்று சொல்லிப் பற்றவைக்கிற ரகம்.

கே: என்.எல்.சி. பங்கு வாங்கலாமா?
(சிட்டை வாசகர், சேலம்)

ப: அரசாங்கமே வாங்கியது. 2006-ல் பத்து சதவீதம் விற்க டெல்லி முடிவெடுத்தது. கருணாநிதி முறைத்த முறைப்பில் மன்மோகன் சிங் எல்லாப் பங்கு விற்பனையையும் நிறுத்திவைத்தார். 2013-ல் பங்குச்சந்தை விதியைக் காட்டித் திரும்ப வந்தார்கள். வெளியார் கைக்குப் போகவேண்டாம் என்று ஜெயலலிதா அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 சதவீதத்தைச் சுமார் 360 கோடிக்கு வாங்கின. இரண்டு கழகமும் ஒரே பக்கம் நின்ற அபூர்வ விவகாரம் இது. உமக்கு லாபம் வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர். நான் மாமா, புரோக்கர் இல்லை.

கே: டவுன்ஷிப்புக்கு ஏன் கவுன்சிலர் இல்லை?
(தேர்தலில் நிற்க ஆசைப்படுபவர்)

ப: 30 வட்டமும் கம்பெனி நிர்வாகம். சாலை, குழாய், தெருவிளக்கு, மரம், எல்லாம் கம்பெனி. சட்டமன்றத் தொகுதியே 2011 தேர்தலில்தான் வந்தது. கவுன்சிலர் இல்லாததால்தான் குழாயில் தண்ணீர் வருகிறது என்று ஒரு கட்சி சொல்கிறது. வாசல் வளைவைத் தாண்டினால் கவுன்சிலர் கிடைப்பார், தண்ணீரைக் கேளும்.

கே: நெய்வேலியில் கரண்ட் போகுமா?
(மாமியார் வீடு தேடுபவர்)

ப: டவுன்ஷிப்பில் போனால் செய்தி. வெளியே போகாவிட்டால் செய்தி.

கே: யூரியா, லீகோ எல்லாம் செய்தார்களாமே?
(முன்னாள் ரேஷன் கார்டுதாரர், சென்னை)

ப: செய்தார்கள். கரியிலிருந்து உரம், கரியைச் சுட்டு அடுப்புக்கட்டி. லீகோ எரிந்தால் புகை வராது என்று மெட்ராஸ் மாமிகள் கொண்டாடினார்கள். பிறகு கேஸ் சிலிண்டர் வந்தது. புகை இல்லாமலே லீகோவும் போய்விட்டது. ஒரே கனிமத்திலிருந்து நாலு தொழில் என்று அன்றைக்கு வரைந்த படத்தில் இன்று மிஞ்சியது கரண்ட் மட்டும்.

கே: விஜய் செல்ஃபி எடுத்தாரே, எந்த இடம்?
(ரசிகன், 5-ஆம் வட்டம்)

ப: 2020 பிப்ரவரி, 'மாஸ்டர்' படப்பிடிப்பு, இரண்டாம் சுரங்கத்து வாசல். வருமான வரிக்காரர் வந்து விசாரித்துப் போன சூட்டில் வேன் மேல் ஏறி ரசிகர் கூட்டத்தோடு ஒரு செல்ஃபி. அறுபது வருஷமாக எவ்வளவோ பேர் அந்தப் பள்ளத்தில் எதையெதையோ தோண்டினார்கள். வோட்டு தோண்டியவர் அவர் ஒருத்தர்தான்.

கே: நெய்வேலிக்குக் கலை, இலக்கியம் உண்டா?
(எழுத்தாளர், தானே சொல்லிக்கொண்டது)

ப: சங்கீத கலாநிதி சந்தானகோபாலன் பெயருக்கு முன்னால் எந்த ஊர் இருக்கிறது? புத்தகக் கண்காட்சி 1998-லிருந்து நடக்கிறது. ஷிப்ட் முடிந்து சாம்பல் படிந்த செருப்போடு வந்து சிறுகதைத் தொகுப்பைப் புரட்டி, விலையைப் பார்த்து, போனஸ் வரட்டும் என்று வைத்துவிட்டுப் போகிற ஆளை அங்கேதான் பார்க்கலாம். எனுகு இந்த விஷயத்தில் நம்மை முந்திவிட்டது. சிமமாண்டா அடீச்சி 1977-ல் பிறந்தது அந்த ஊரில். நீங்கள் எப்போது முந்துவதாக உத்தேசம்?

கே: விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூருக்கு நாலு வழிச் சாலை எப்போது முடியும்?
(பஸ் பயணி, பண்ருட்டி)

ப: மரம் கரியாக எத்தனை கோடி வருஷம் ஆயிற்று? பொறுமை.

கே: கரி தீர்ந்தால் நெய்வேலி என்ன ஆகும்?
(இளநிலைப் பொறியாளர், 30-ஆம் வட்டம்)

ப: கரி தீர்வதற்கு முன்னால் கரி வாங்க ஆள் தீர்ந்துவிடும். எனுகுவில் அதுதான் நடந்தது, பூமிக்குள் கரி இன்னும் கிடக்கிறது. கம்பெனிக்கும் இது தெரியும். ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரம் போட்டாயிற்று, பெரும்பகுதி தென்மாவட்டங்களில். ஒடிசாவில் தாலபிராவில் கறுப்பு நிலக்கரி தோண்டுகிறது. கம்பெனி பிழைத்துக்கொள்ளும், அதற்குக் கால் உண்டு, எந்த ஊருக்கும் நடக்கும். டவுன்ஷிப்புக்கும் மந்தாரக்குப்பத்துக்கும் கால் கிடையாது. மூடிய சுரங்கத்து மண்ணில் என்ன விளையும், இறைக்கிற தண்ணீர் யாருக்கு, இத்தனை வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் கையில் என்ன புதுத் தொழில் தொடங்கலாம் என்று இப்போதே உட்கார்ந்து பேசுகிற கமிட்டி எதுவும் என் காதில் விழவில்லை. பேரணிக்கு மட்டும் நோட்டீஸ் வருகிறது.

கே: உங்களுக்கு எல்லாம் தெரியுமா மாமா?
(சந்தேகப் பிராணி, பெயர் இல்லை)

ப: உம் பெயர் ஒன்றைத் தவிர.

கே: அடுத்த வாரம் எதைப் பற்றிக் கேட்கலாம்?
(அடக்கமான வாசகி, குறிஞ்சிப்பாடி)

ப: இந்த வாரம் நான் கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள். சுரங்கத்துக்காக எழுந்துபோன ஊர்களின் பெயர், அங்கே இருந்த கோயில், குளம், திருவிழா மாதம், எந்த வீட்டார் எந்த ஊரில் போய்க் குடியேறினார்கள். பாட்டி, தாத்தா இருக்கும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும். வட்டம் எண்ணை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் தபால்காரர் முப்பது வட்டமும் சுற்றிவிட்டு என்னைத்தான் திட்டுவார்.